திரும்பிவரும் வழி: எச்-1பி குடும்பங்களும் ஊர் திரும்பும் முடிவும்

1. கேள்வி

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலைபார்க்கும் இந்தியக் குடும்பங்களிடையே ‘ஆர்-டு-ஐ’ என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவுக்கே திரும்பிவிடுவது என்று பொருள். குழந்தையின் பிறந்தநாள் விருந்தில், தமிழ்ப் பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும்போது, ஊரில் அப்பாவுக்கு ஆஞ்சியோ என்று செய்தி வந்த இரவில் இந்தப் பேச்சு எழும். ‘எக்ஸ் பிளஸ் ஒன்’ என்றொரு கேலிப் பெயரும் உடன் புழங்குகிறது. எந்த வருடம் கேட்டாலும் “அடுத்த வருடம் போய்விடுவோம்” என்று சொல்பவரைப் பீடித்த நோய்க்கு அந்தப் பெயர்.

இந்தத் தள்ளிப்போடலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் டாலரும் சுகவாசமும். ஊரில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் குத்தலாகச் சொல்கிறார்கள். போனவர்கள் கொஞ்சம் குற்றவுணர்வோடு. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் டாலர் எல்லோருக்கும் ஒரே டாலர்தான். ஜெர்மனியில் பிறந்த பொறியாளரும் திருச்சியில் பிறந்த பொறியாளரும் ஒரே நிறுவனத்தில், ஒரே விசாவில், ஒரே சம்பளத்தில் வேலைபார்க்கலாம். ஊர் திரும்புவதைப் பற்றி யோசிக்க உட்காரும்போது மட்டும் இருவர் முன்னும் விரியும் வழிகள் வேறாக இருக்கின்றன. ஏன்?

வருமானத்தையும் ஊர்ப்பற்றையும் விட, போனால் மறுபடி வர முடியுமா என்ற கேள்விக்கே இம்முடிவில் கனம் அதிகம் என்பது இக்கட்டுரையின் வாதம். மறுபடி வரும் அந்த வழியை அமெரிக்கச் சட்டம் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு மிகத் தாமதமாகத் திறக்கிறது. அதற்குள் பிள்ளைகள் பள்ளி மாற்ற முடியாத வயதுக்குப் போய்விடுகிறார்கள். இதில் இந்தியச் சட்டத்துக்கும் பங்குண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

2. இதுவரையான புரிதல்கள்

தாயகம் திரும்புவோரை வகைப்படுத்திய தொடக்ககால ஆய்வுகளில் பிரான்செஸ்கோ செராசே 1974இல் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அமெரிக்காவிலிருந்து தென் இத்தாலிக்குத் திரும்பியவர்களை அவர் நான்கு வகையாகப் பிரித்தார்: தோற்றுத் திரும்பியவர்கள், நிலம் வாங்கிப் பழைய வாழ்க்கைக்கே திரும்பியவர்கள், ஓய்வுக்காலத்துக்காக வந்தவர்கள், கற்றதை ஊரில் செய்துபார்க்க வந்தவர்கள். வகைப்பாடு அழகானது. ஆனால் இதில் திரும்புகிறவர் எப்போதும் தனி மனிதர், பெரும்பாலும் ஆண். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு இதில் இடமில்லை.

முகமது அன்வர் 1979இல் பிரிட்டனின் பாகிஸ்தானியரைப் பற்றி எழுதிய நூல் வேறொரு கோணத்தைத் தந்தது. திரும்பிப் போவோம் என்ற பேச்சு ஒரு தொன்மம் என்றார் அவர். அது நிறைவேறாவிட்டாலும் பயன் தருகிறது. உறவுகளோடான கட்டையும் சமூகத்துக்குள்ளான ஒழுங்கையும் காக்கிறது. ‘எக்ஸ் பிளஸ் ஒன்’ கேலியின் கல்விப்புல வடிவம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அன்வர் எழுதிய மக்களில் பலருக்குக் காமன்வெல்த் குடிமக்களாக வந்தவர்கள் என்ற முறையில் பிரிட்டனில் தங்கும் உரிமை ஓரளவு உறுதியாகியிருந்தது. எச்-1பி குடும்பத்துக்கு அந்த உறுதி இல்லை. ஒருவர் உரிமை கையில் இருக்கப் போகாமலிருப்பதும், இன்னொருவர் உரிமைக்காகக் காத்திருப்பதால் போகாமலிருப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் தெரியும். இரண்டுக்கும் தொன்மம் என்று ஒரே பெயர் வைத்தால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும்.

2004இல் ஜான்-பியர் கசாரினோ எழுதியது நமக்கு இன்னும் பயன்படும். திரும்பும் விருப்பமும் திரும்புவதற்கான ஆயத்தமும் வேறு வேறு என்றார் அவர். பணம், தொடர்பு, தகவல், காலம் எல்லாம் சேர்ந்தால்தான் ஆயத்தம். அன்னாலீ சாக்ஸேனியனின் 2006ஆம் ஆண்டு நூல் மூளை வடிகால் என்ற பழைய புலம்பலை விட்டுவிட்டு மூளைச் சுழற்சியைப் பேசியது. சிலிக்கான் பள்ளத்தாக்கிலிருந்து தைவானுக்கும் பெங்களூருக்கும் போய்வந்துகொண்டிருக்கும் பொறியாளர்களே அதன் நாயகர்கள். போய்வருவதற்கு வேண்டிய ஆவணம் கையில் இருந்தவர்கள் அவர்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

என் வாதத்துக்கு நேர் எதிரான சான்றும் ஒன்றுண்டு. விவேக் வாத்வாவும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் படித்தோ வேலைபார்த்தோ தாயகம் திரும்பிய 1,203 இந்தியர்களையும் சீனர்களையும் கேட்டது. தங்கள் முடிவுக்கு விசா நிலை காரணமில்லை என்று நான்கில் மூன்று பங்கினர் சொன்னார்கள். தொழில் வாய்ப்பும் குடும்பமுமே காரணம் என்றார்கள். பார்த்த மாத்திரத்தில் இது என் வாதத்தை உடைக்கிறது. ஆனால் கேட்கப்பட்டவர்கள் யார்? லிங்க்ட்இன் வழியாகத் தேடிப்பிடிக்கப்பட்டவர்கள். இந்தியர்களின் சராசரி வயது 30. பள்ளி செல்லும் பிள்ளைகளின் பெற்றோர் அவர்களில் பெரும்பகுதியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. மேலும், எல்லோரும் திரும்பிவிட்டவர்கள். விசாவால் தடுக்கப்பட்டுத் திரும்பாமல் இருப்பவர் அந்தப் பட்டியலில் வரவே முடியாது. அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது: திரும்பிய இந்தியர்களில் சுமார் 27 விழுக்காட்டினர் கிரீன் கார்டோ அமெரிக்கக் குடியுரிமையோ வைத்திருந்தார்கள். ஆய்வாளர்களுக்கு இது வியப்பாக இருந்தது. என் பார்வையில் எதிர்பார்க்க வேண்டியதே அதுதான்.

அமெரிக்க அரசு நாட்டைவிட்டுக் குடிபெயர்வோரைக் கணக்கெடுப்பதை 1957லேயே நிறுத்திவிட்டது. எனவே இத்துறையில் முழு எண்ணிக்கை என்று ஒன்றைக் கேட்பதில் பயனில்லை. சட்டங்களையும் அவற்றுக்குள் ஒரு குடும்பம் எப்படி அசைய முடியும் என்பதையும் வைத்தே வாதிட வேண்டியிருக்கிறது.

3. வரிசை

எச்-1பி விசா இன்றைய வடிவம் பெற்றது 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில். ஆறு ஆண்டுகள் இருக்கலாம். அதற்குள் நிறுவனம் கிரீன் கார்டுக்கு மனுப்போட்டு, ‘ஐ-140’ என்ற படிவம் ஏற்கப்பட்டுவிட்டால், 2000ஆம் ஆண்டின் திருத்தப்படி மூன்று மூன்று ஆண்டாக நீட்டித்துக்கொண்டே போகலாம். மனுப்போட்ட நாள்தான் ‘பிரையாரிட்டி டேட்’. இந்தியர் வீடுகளில் பிள்ளையின் ஜாதகத்தைவிட இந்தத் தேதி நன்றாக நினைவில் இருக்கும்.

வேலை அடிப்படையில் ஆண்டுக்குத் தரப்படும் கிரீன் கார்டுகள் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்பது பொது விதி. முதுகலைப் பட்டதாரிகளுக்கான இரண்டாம் பிரிவை எடுத்துக்கொண்டால் மொத்தம் 40,000 சொச்சம். அதில் 7 விழுக்காடு என்பது ஏறக்குறைய 2,800. மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அந்த 2,800க்குள்தான். மற்றவர் விட்டுவைக்கும் இடங்கள் சில ஆண்டுகளில் கூடுதலாகக் கிடைப்பதுண்டு; அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. 2025 ஏப்ரல் விசா பட்டியலில் இப்பிரிவில் இந்தியாவுக்கான தேதி 2013 ஜனவரி 1. அதற்கு முன் மனுப்போட்டவர்களுக்கு மட்டுமே அந்த மாதம் அட்டை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. தேதி முன்னே போவதுபோல் சில மாதங்களில் பின்னேயும் வரும்.

இங்கு பார்க்கப்படுவது குடியுரிமை அல்ல, பிறந்த நாடு. திருச்சியில் பிறந்தவர் கனடாக் குடிமகனாகிவிட்டுப் போனாலும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் ஊர் திரும்பலாமா? அதுவும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் நிரந்தரக் குடியிருப்பைக் கைவிட்டதாகக் கருதும் நிலை வரும். முன்கூட்டியே அனுமதி வாங்கினால் பொதுவாக இரண்டு ஆண்டு வரை தாங்கும். போய்விட்டு நினைத்தபோது திரும்பிவர உதவுவது அமெரிக்கப் பாஸ்போர்ட் ஒன்றே. அதற்கு அட்டை கிடைத்தபின் இன்னும் ஐந்து ஆண்டு. “பாஸ்போர்ட்டை வாங்கிட்டுப் போயிடலாம்” என்று சொல்பவர்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் சிரிக்கலாம்; அவர்கள் சட்டத்தைச் சரியாகப் படித்தவர்கள்.

4. ஒரே வீட்டில் இரண்டு நாட்டார்

விதிகளைத் தனித்தனியாகப் பார்க்கும்போது அவற்றின் கூர்மை தெரியாது. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மகள் 2010இல் திருச்சியில் பிறந்தவள். 2013இல் பெற்றோருடன் நியூஜெர்சி வந்தாள். மகன் 2015இல் அங்கேயே பிறந்தான். அப்பாவின் மனுத் தேதி 2017. அம்மா கணினித் துறையில் பட்டம் பெற்றவர்.

2025இல் மகளுக்கு 15 வயது. எச்-4 என்ற சார்பு விசா. பள்ளித் தோழிகள் கோடை விடுமுறையில் ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குப் போகும்போது அவளால் போக முடியாது, அனுமதியில்லை. கல்லூரிக்குப் போகும்போது கூட்டாட்சி அரசின் கல்வி உதவி கிடையாது. 21 வயதாகிவிட்டால் சார்பு விசாவும் போய்விடும். இதை ‘ஏஜ் அவுட்’ என்கிறார்கள். மனு பரிசீலனையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ள 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. கழியும் மாதங்கள் பெரும்பாலும் சொற்பம். அந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி அப்படியே நீடித்தால் அப்பாவுக்கு 2029இலோ 2030இலோ அட்டை வரும். மகளுக்கு அப்போது 19 அல்லது 20. வரிசை இரண்டு ஆண்டு பிந்தினால் போதும், வீட்டில் மூவர் குடியிருப்பாளர்களாகவோ குடிமக்களாகவோ இருக்க, அவள் மட்டும் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அல்லது மூன்று வயதில் விட்டுவந்த ஊருக்குத் தனியே திரும்ப வேண்டும்.

மகன் அமெரிக்கக் குடிமகன். (2025 ஜனவரியில் தற்காலிக விசாக்காரர்களின் குழந்தைகளுக்குப் பிறப்புரிமைக் குடியுரிமையை மறுக்கும் ஆணை வந்தது. அது அதன்பின் பிறப்பவர்களைப் பற்றியது. நீதிமன்றங்கள் அதை நிறுத்திவைத்தன.) அவனுக்கு அமெரிக்காவில் எந்தத் தடையும் இல்லை.

இதே குடும்பத்தைத் திருச்சிக்குக் கொண்டுவந்து பார்த்தால் நிலை தலைகீழாகிறது. மகள் இந்தியக் குடிமகள். மாநிலக் கலந்தாய்வில் ஒரு சிக்கல் உண்டு: தமிழ்நாட்டில் நடுநிலை வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்திருக்க வேண்டும், இல்லையேல் தாசில்தாரிடம் இருப்பிடச் சான்றிதழ் வாங்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் முடியும். மகன்? அவனுக்கு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை; ஊர் திரும்பும்போதுதான் அதை வாங்குகிறார்கள் என்று கொள்வோம். 2021 மார்ச் 4ஆம் தேதி உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஓசிஐ அட்டைக்காரர்கள் நீட் போன்ற தேர்வுகளை எழுதலாம், ஆனால் இந்தியக் குடிமக்களுக்கான இடங்களில் சேர முடியாது. என்ஆர்ஐ இடங்களே அவர்களுக்கு உண்டு. அந்தத் தேதிக்கு முன் அட்டை பெற்றவர்களை இது கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பின்னால் அட்டை வாங்கியவர்களுக்குக் கட்டுப்பாடு நீடிக்கிறது. அக்காவோடு அதே பள்ளியில், அதே பாடத்திட்டத்தில் படித்து, அதே மதிப்பெண் எடுத்தாலும் தம்பிக்குக் கட்டணம் வேறு.

ஆக, எந்த நாட்டில் இருந்தாலும் இக்குடும்பத்தில் ஒரு பிள்ளை அந்நியர். பெற்றோருக்குத்தான் அது ஊர் திரும்புதல். அமெரிக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பையனுக்கு அது புலம்பெயர்வு. மேலும் ஊரில் அவனுக்குத் தமிழ் பாடமாகக் காத்திருக்கிறது; 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமானது. “ஆறாவது போறதுக்குள்ள போயிடணும்” என்று பெற்றோர் வட்டாரத்தில் சொல்லப்படும் விதி இதையெல்லாம் மோப்பம் பிடித்து உருவானதுதான்.

5. அம்மாவின் அனுமதிச்சீட்டு

ஆய்வுகள் குடும்பம் முடிவெடுத்தது என்று எழுதும்போது யார் எடுத்தது என்று கேட்க வேண்டும். பல்லவி பானர்ஜியின் 2022ஆம் ஆண்டு நூல், சார்பு விசாவில் வந்த இந்தியத் துணைவர்கள், குறிப்பாகப் பெண்கள், வேலைபார்க்கும் உரிமையின்றி எப்படி ஒடுங்கினார்கள் என்பதை விரிவாகப் பதிவுசெய்கிறது. 2015 மே மாதம் முதல் எச்-4 துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. அதுவும் கணவரின் ஐ-140 ஏற்கப்பட்டிருந்தால், அல்லது அந்த மனுவை ஒட்டி அவர் விசா ஆறு ஆண்டைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தால் மட்டுமே. எனவே நம் கற்பனைக் குடும்பத்தின் அம்மா வேலைக்குப் போவதும் அதே வரிசையைப் பற்றிக்கொண்டுதான்.

இதன் விளைவு ஒருபக்கமானதன்று. அனுமதி கிடைப்பதற்கு முந்திய ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று முதலில் சொல்லக்கூடியவர் மனைவி. இந்தியாவில் அவருக்கு வேலை உண்டு. அனுமதி வந்து ஐந்தாறு ஆண்டு உழைத்து ஓரிடத்தை எட்டியபின் அவரே கடைசியாகச் சம்மதிப்பவராகலாம். திருச்சியில் இருக்கப்போவது பெரும்பாலும் கணவரின் பெற்றோர் வீடு, அல்லது அதன் பக்கத்துத் தெரு. வயதான மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யார் தலையில் விழும் என்பதை எந்த எக்செல் தாளிலும் யாரும் நிரலாகப் போடுவதில்லை. ஊர்ப்பற்று என்று பொதுவில் பேசப்படுவதில் கணவரின் ஊர்மீதான பற்றே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

6. கதவும் தங்கலும்

திரும்பிவரும் வழி அடைபட்டால் மக்கள் வெளியேறத் தயங்குவார்கள் என்பதற்குப் பழைய சான்றுகள் உண்டு. 1880க்கும் 1930க்கும் இடையே அமெரிக்கா போன ஐரோப்பியர்களில் நான்கில் ஒருவரிலிருந்து மூவரில் ஒருவர் வரை ஊர் திரும்பியதாக மார்க் வைமன் போன்ற வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். நீராவிக் கப்பல் மலிவு. எல்லையில் ஒதுக்கீடு கிடையாது. தென் இத்தாலியர்கள் வேலைப் பருவத்துக்குப் போய் ஊருக்கு வந்து மறுபடி போனார்கள். 1921, 1924 ஒதுக்கீட்டுச் சட்டங்கள் அந்தப் போக்குவரவை முடக்கின.

மெக்சிகோவைப் பற்றி டக்ளஸ் மாஸி, ஹோர்ஹே டுராண்ட், கேரன் பிரென் 2016இல் எழுதியது இன்னும் அழுத்தமானது. 1986க்கும் 2008க்கும் இடையே எல்லைக் காவலர் எண்ணிக்கை ஐந்து மடங்காகியது. ஆவணமற்றோர் தொகையோ 30 லட்சத்திலிருந்து 1 கோடியே 20 லட்சமாகியது. காவல் கூடியதால் உள்ளே வருவோர் அவ்வளவாகக் குறையவில்லை. அறுவடை முடிந்து ஊர் போய்வருவதுதான் நின்றது. ஒருமுறை வெளியேறினால் மறுபடி நுழைவது கடினம் என்பதால் இருந்த இடத்திலேயே இருந்து குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்கள். ஆவணமற்ற தோட்டத் தொழிலாளியையும் எச்-1பி பொறியாளரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் இருவர் முன்னும் நிற்கும் கணக்கு ஒரே மாதிரியானது.

எச்-1பி விஷயத்தில் ஒரு சிறு வாசல் இருந்துவந்தது. ஐ-140 ஏற்கப்பட்டவர் ஊர் திரும்பினாலும் அவருடைய மனுத் தேதி பொதுவாக அழிவதில்லை. நிறுவனம் ஒன்று முன்வந்தால் புது விசாக்களுக்கான குலுக்கலுக்குப் போகாமல் புது மனுவோடு திரும்பலாம். இரண்டு வருடம் சென்னையில் இருந்துபார்ப்போம் என்று சொல்ல இது இடம்தந்தது. 2025 செப்டம்பர் 19 பிரகடனம், செல்லத்தக்க விசா கையில் இல்லாமல் நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடப்படும் புது எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் என்று அறிவித்தது. முதலில் 12 மாதங்களுக்கு. உள்ளே இருந்தபடி நீட்டிப்போருக்கு இது பொருந்தாது என்று பின்னர் தெளிவுபடுத்தப்பட்டது. அதாவது இருப்பவருக்குச் செலவில்லை, இருந்துபார்க்கப் போனவர் திரும்பத்தான் செலவு. வெளிநாட்டார் வரவைக் குறைக்கும் நோக்கில் வந்த ஆணை, ஏற்கெனவே உள்ளே இருப்பவரைக் கெட்டியாக உட்காரவைக்கிறது.

7. ஒரு மறுப்பும் அதன் எல்லையும்

பாஸ்போர்ட் வாங்கியவர்கள் மட்டும் கூட்டமாகத் திரும்பிவிட்டார்களா என்று கேட்கலாம். இல்லை, இந்த மறுப்பு வலுவானது. திரும்பிவரும் வழி இருப்பது தேவையான நிபந்தனையே தவிரப் போதுமான நிபந்தனை ஆகாது. ஆனால் அது எப்போது கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2017இல் அதே பிரிவில் மனுப்போட்ட ஜெர்மானியருக்கு ஓரிரு ஆண்டில் அட்டையும், 2025வாக்கில் பாஸ்போர்ட்டும் கிடைத்திருக்கும். நம் குடும்பத்துப் பிள்ளைகளின் வயதே அவர் பிள்ளைகளுக்கும் என்று கொண்டால், மகளுக்கு 15, மகனுக்கு 10. போக நினைத்தால் போகலாம். திருச்சிக் குடும்பத்துக்கு அதே உரிமை 2035இல் வரும். மகளுக்கு 25, மகனுக்கு 20. அப்போது திரும்புவது பெற்றோர் இருவர் மட்டுமே. எந்தத் தாய் தந்தையரைப் பார்த்துக்கொள்ளத் திரும்ப நினைத்தார்களோ அவர்கள் அதுவரை இருப்பார்களா என்பது வேறு விஷயம்.

பணக் கணக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 59½ வயதுக்கு முன் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்தால் பொதுவாக 10 விழுக்காடு அபராதம். சமூகப் பாதுகாப்புக்கு 40 காலாண்டு உழைத்திருக்க வேண்டும், இந்தியாவோடு இதில் ஒப்பந்தமும் இல்லை. இவை தேதியை ஆறு மாதம் முன்பின் தள்ளும், முடிவை மாற்றுவதில்லை.

8. இந்தியாவின் பங்கு

வெளிநாடுவாழ் இந்தியர் குறித்து ஆராய எல்.எம். சிங்வி தலைமையில் அமைந்த உயர்நிலைக் குழு 2002இல் இரட்டைக் குடியுரிமையைப் பரிந்துரைத்தது. 2003, 2005 திருத்தங்களின் வழி கிடைத்தது ஓசிஐ அட்டை. அது ஆயுட்கால விசா. வாக்கு இல்லை, பொதுவாக அரசு வேலை இல்லை, விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாமே தவிர வாங்க முடியாது. 2021 அறிவிக்கை இதில் கல்வியையும் சுருக்கியது.

குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ், இந்தியக் குடிமக்களின் மைனர் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிவுசெய்ய வழி உண்டு. நம் குடும்பத்து மகனுக்கும் அது பொருந்தும். பதிவானால் தமிழ்நாட்டு மருத்துவ இடம் அவனுக்கும் திறக்கும். ஆனால் அமெரிக்கக் குடியுரிமையை வைத்துக்கொண்டே அதைப் பெற முடியாது. பெற்றோர் ஏன் அதற்கு உடன்படமாட்டார்கள் என்பதை அமெரிக்கச் சட்டத்தின் இன்னொரு விதி காட்டுகிறது: 21 வயதான குடிமகன் அங்கே குடியிருந்தபடி தன் பெற்றோருக்கு மனுப்போடலாம், அதற்கு நாட்டு ஒதுக்கீடும் இல்லை, ஆண்டு வரம்பும் இல்லை. மகனுக்கு 2036இல் 21 ஆகிறது. வரிசையில் நின்றே தீர்த்தால் அப்பாவுக்குப் பாஸ்போர்ட் வருவதும் ஏறக்குறைய அதே காலம்தான். இப்போதே ஊர் திரும்பிவிடும் குடும்பத்துக்கு, எந்த நிறுவனத்தையும் சாராமல் மறுபடி போக மீதமிருக்கும் ஒரே வழி அந்தப் பத்து வயதுப் பையனின் நீலப் பாஸ்போர்ட். அக்காவுக்கு அதனாலும் உடனே பயனில்லை. உடன்பிறந்தாருக்கான பிரிவில் நாட்டு ஒதுக்கீடும் நீண்ட வரிசையும் உண்டு.